நடுவாந்திர ரம்பமும் கோம்பை மச்சானும்

பொருளை விற்றுக் காசைக் கல்லாவில் போட்ட பிறகுதான் பயம் ஆரம்பிக்கிற வியாபாரம் ஒன்று உண்டென்றால், அது பெட்ரோல் ரம்ப வியாபாரம். சேலை விற்றவருக்குச் சாயம் போகுமோ என்ற கவலையோடு போயிற்று. எனக்கோ, வாங்கிப் போனவருக்கு விரல் பத்தும் பத்திரமாக இருக்குமா என்ற கவலை.

எண்பதுகளின் ஆரம்பத்தில், தேனியில் அல்லிநகரம் போகிற வழியில் இருந்த ஒரு விவசாய மெஷின் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். பம்புசெட்டு, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், பெல்ட்டு, குழாய், இவைதான் எங்கள் சரக்கு. பம்புசெட்டு விற்றால் தூக்கம் கெடாது. தண்ணீர் வரவில்லை என்று வந்து திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஒருநாள் முதலாளி மதுரைக்குப் போய்விட்டு வந்து, முதலில் மாதிரிக்கென்று மூன்று மரப்பெட்டிகளை இறக்கினார். மூன்றிலும் கையில் பிடித்து மரம் அறுக்கிற மெஷின். பின்னால் ஒரு குட்டி என்ஜின், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றிப் பல் வைத்த செயின். கயிற்றைச் சுண்டி இழுத்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும், செயின் பறக்கும்.

கடைக்குப் பின்னால் ஒரு தென்னங்கட்டையைப் போட்டு அதை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார்கள். மரம் வெண்ணெயாக அறுபட்டது. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள், நான் என் காலைப் பார்த்தேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். ரம்பம் வாங்கிப் போனவர் மறுபடி கடை வாசலுக்கு வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். இரண்டு கையையும் சேர்த்து அவர் ஒரு வணக்கம் போட்டுவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவராக இருந்தால், நான் சொல்கிற வணக்கம் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குப் புரியும்.

மூன்று பெட்டி

முதலாளி அந்த மூன்று ரம்பத்தையும் கவுண்டர்மேல் வரிசையாக வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். சின்னது ஒரு அடிப் பட்டை. முருங்கை, கொய்யா, வேலிக் கிளை, இந்த வேலைக்குச் சரி. அதை வைத்துக்கொண்டு தென்னையை அறுக்கப் போனால் பாதியில் சிக்கிக்கொள்ளும், வாங்கினவர் கோபத்தில் ஆட்டி இழுப்பார், அங்கேதான் வம்பு. பெரிசு இரண்டரை அடிப் பட்டை. மலையில் நாள் முழுக்க மரம் அறுக்கிறவர்களுக்கு உள்ளது. அதை வீட்டுக்காரர் தூக்கினால் கால் மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும், தோள் விட்டுப்போனால் பட்டை தாழும், தாழ்ந்தால் கீழே முழங்கால். நடுவில் இருக்கிற ஒன்றரை அடிதான் வீட்டையொட்டி நாலு தென்னை, இரண்டு மாமரம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஏற்றது என்றார். எங்கள் கடையில் அதற்கு நடுவாந்திரம் என்று பெயர் வந்துவிட்டது.

எனக்கு மனசு லேசாயிற்று. எல்லோருக்கும் நடுவாந்திரத்தையே விற்றுவிட்டால் போகிறது என்று சொன்னேன். முதலாளி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொறுமைசாலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நடுவுல உள்ளதை ஒருத்தரும் கேட்டு வாங்கமாட்டாகப்பா. நாமதான் பேசிப் பேசி அங்கன கொண்டுபோய் நிறுத்தணும்."

மச்சான் பார்த்துவிட்டார்

என் அக்காவைக் கோம்பையில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் நல்ல உழைப்பாளி, கள்ளம் கபடம் இல்லாதவர். ஒரே ஒரு குறை, "உங்களால் முடியுமா" என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு முடியாதது எதுவும் கிடையாது. கோம்பையில் பிறந்து வளர்ந்த மனுஷன், வேட்டைக்கும் கடிக்கும் பேர்போன கோம்பை நாய் தின்றுகொண்டிருக்கும்போது அதன் தட்டில் கை வைக்கக் கூடாது என்று தெரியாதவரா? தெரியும். யாரோ முடியுமா என்று கேட்டுவிட்டார்கள். அந்தத் தழும்பு இன்னும் அவர் வலது மணிக்கட்டில் இருக்கிறது.

அவர் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு தேனிக்கு வந்த ஒரு நாளில், கடைக்குள் நுழைந்து என்னிடம் சுகம் விசாரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். பெரிய ரம்பத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே போய்ப் பட்டையைத் தடவினார். அதற்கப்புறம் வாராவாரம் வர ஆரம்பித்தார். வந்தால் எனக்கு ஒரு வார்த்தை, ரம்பத்துக்கு அரை மணி நேரம். அது மலை வேலைக்கு உள்ளது மச்சான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் வீட்டில் இருந்ததோ கொல்லைப்புறத்தில் ஒரு வரிசைத் தென்னை, கிணற்றடியில் ஒரு முருங்கை, வேலியோரம் ஒரு வேம்பு. அவ்வளவுதான்.

இந்த விஷயம் அக்கா காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. கோம்பை பஸ் கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். அக்கா சொன்னதை மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரி ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"'எங்க வீட்டுக்காரரு கேட்டா சரக்கு இல்லைன்னு சொல்லிரு. அவருக்குக் கை வேணும், எனக்குத் தம்பி வேணும். ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா நான் என்ன செய்வேன்'னு கேக்கச் சொன்னாக."

சத்தம் பத்தவில்லை

அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரிலும் நான் மச்சானைத்தான் பார்த்தேன். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் வந்தார். வாழைக்கு இந்த மெஷின் எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வீட்டு முன்னால் காய்ந்துபோன புளியமரம் ஒன்று நிற்கிறதாம். நடுவாந்திரத்தை ஓட்டிக் காட்டினேன். பட்டையின் நுனி மரத்தில் முட்டக் கூடாது, முட்டினால் மெஷின் எம்பி முகத்துக்கு நேரே வரும் என்று கத்திக் கத்திச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிறுத்தினதும் சத்தம் பத்தவில்லை என்றார். புகைக்குழாய் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். பக்கத்து ஜவுளிக் கடையிலிருந்து ஏற்கெனவே ஆள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்த நேரம் அது. மூடியைக் கழற்றினால் என்ஜின் கெட்டுவிடும், காது போய்விடும் என்று சொல்லிவிட்டு, நுனி விஷயத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அறுக்கிறது கிடக்கட்டும் தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குக் கேக்குமா, அதைச் சொல்லு."

சீமெண்ணெய்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பாதிக் கிணறுகளில் சீமெண்ணெய் என்ஜின்தான். பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்வது, என்ஜின் சூடானதும் குழாயைத் திருப்பிச் சீமெண்ணெய்க்கு மாற்றிவிடுவது, இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ரம்பத்துக்கு அது ஆகாது, பெட்ரோலில் என்ஜின் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இதை நான் ஒவ்வொருவரிடமும் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லி அனுப்புவேன்.

போடியிலிருந்து ஒரு வீட்டுக்காரர், வாங்கி ஒரு வாரத்தில் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்தார். முதலில் கையைப் பார்த்தேன். பத்தும் இருந்தது. அப்புறம்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கை அவிழ்த்தேன். உள்ளேயெல்லாம் சீமெண்ணெய். இரண்டு நாளாக இழுத்தும் மெஷின் செருமுகிறதே தவிர ஓடவில்லை என்று புகார் சொன்னார். வெளியே வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடாத ரம்பம் ஒருவரையும் வெட்டாது. அத்தனை ரம்பத்திலும் சீமெண்ணெய் விழுந்தால் நான் கண்ணை மூடித் தூங்கலாமே என்றுகூட நினைத்துக்கொண்டேன். இதற்குச் சீமெண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்று அன்றைக்கே சொன்னேனே அண்ணே என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க கிணத்து என்ஜின் குடிக்குது. இது மட்டும் என்ன, கலெக்டர் வீட்டுப் பிள்ளையா?"

எலுமிச்சம்பழம்

கம்பத்தில் ஒரு பெரிய வீடு. மெஷினை வீட்டிலேயே வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பூஜை முடிந்துவிட்டது. என்ஜினுக்குச் சந்தனம், குங்குமம். காற்றுப் போகிற ஓட்டைகளைக்கூட விடாமல் பொட்டு வைத்திருந்தார்கள். கதம்பச் சரம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, லாரி முன்னால் தொங்கவிடுகிற மாதிரி, ஒரு எலுமிச்சம்பழமும் ஏழெட்டுக் காய்ந்த மிளகாயும் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பட்டையின் நடுவில் கட்டியிருந்தது.

கயிற்றை முதலில் அவிழ்த்துவிடுவோம் என்று நான் குனிந்தேன். கட்டின திருஷ்டிக் கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்று வீட்டம்மா ஒரு பக்கம் தடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் வீட்டுக்காரர் நல்ல நேரம் போய்விடப் போகிறதென்று என்ஜின் கயிற்றைச் சுண்டிவிட்டார். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்துவிட்டது, வேறு எந்த நாளும் எந்த ரம்பமும் முதல் இழுப்பில் பிடித்ததில்லை. அடுத்த நொடியில் கயிறு, பூ, பழம், மிளகாய் எல்லாம் சுற்றி, அரைபட்டு, எல்லோர் முகத்திலும் தெறித்தது. செயின் கயிற்றில் சிக்கி நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து வீட்டுக்காரர் கையைத் தடவித் தடவி விரலை எண்ணினேன். எல்லாம் இருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"திருஷ்டி கழிஞ்சிருச்சு. இனி மரத்தை அறுங்க."

கைக்குக் கை

இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு நல்ல வழி பிறந்தது. ராயப்பன்பட்டியில் ஒரு டிரில் மாஸ்டர், ரிட்டயர் ஆனவர், வீட்டுத் தோட்டத்துக்காக நடுவாந்திரத்தை வாங்கினார். கேட்டு வாங்கின ஒரே ஆள் அவர்தான். அவர் வீட்டில் என்ஜினை ஓடவிட்டு, இந்தாங்க சார், பிடித்துப் பாருங்கள் என்று ஓடுகிற மெஷினை அவர் பக்கம் நீட்டினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வேன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற அந்த நேரத்தில் என் வயிற்றில் புளியைக் கரைக்கும், ஆனாலும் அணைத்துவிட்டால் மறுபடி பத்துத் தடவை இழுக்க வேண்டுமே என்ற சோம்பல்.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அவர் மனைவி ஒரு அதட்டுப் போட்டார். கத்தி, கத்தரிக்கோல், அருவாமனை, வெட்டுகிற எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும், கீழே வை, அவர் எடுத்துக்கொள்வார் என்றார். ஓடுகிற ரம்பத்தை மண்ணில் எப்படி வைப்பது? என்ஜினை அணைத்தேன், தரையில் வைத்தேன், ஒதுங்கி நின்றேன். மாஸ்டர் குனிந்து எடுத்து, தானே இழுத்து ஸ்டார்ட் செய்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மெஷினோடு வருகிற இங்கிலீஷ் புத்தகத்தில் இதைத்தான் படம் போட்டுச் சொல்லியிருக்கிறது, ஒருவரும் படித்ததில்லை, நான் சொன்னாலும் கேட்டதில்லை. அன்றிலிருந்து நான் ஆபத்து என்ற பேச்சையே எடுப்பதில்லை. கைக்குக் கை கொடுத்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்று மட்டும் சொல்வேன், கம்பம் தாண்டிக் கூடலூர் வரைக்கும் ஒருவர் மறுத்ததில்லை. மாஸ்டர் அன்றைக்குக் கொஞ்சம் சங்கடப்பட்டார். சர்ச்சுக்குப் போகிற நாம் இதையெல்லாம் பார்க்கலாமா என்று மெதுவாக மனைவியிடம் கேட்டார். அந்தம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"பைபிள்ல இல்லைதான். ஆனா எங்க ஆத்தா சொல்லியிருக்கு."

கை நடுக்கம்

பெரிசுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களுக்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். எடுத்து, மண்ணில் வைத்து, அவரையே தூக்கச் சொல்லி, இடுப்பு உயரத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே, ஒவ்வொரு பாகமாகச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பிப்பேன். இது ஸ்பார்க் பிளக், இது ஏர் பில்டர், இது ஆயில் மூடி என்று அங்குலம் அங்குலமாக விளக்குவேன். ஏர் பில்டரிலேயே பட்டை இறங்க ஆரம்பித்துவிடும். அப்போது அக்கறையாக, கை வலிக்கிறதா என்று கேட்டு, நடுவாந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பேன்.

போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் பெரிசைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனம் அதிகமாக இருந்தால்தான் கொடுத்த காசுக்கு இரும்பு இருக்கும் என்பது அவர் கட்சி. ஆயில் மூடி வரைக்கும் தாக்குப்பிடித்தார். அப்புறம் பட்டை நுனி பிரம்பு மாதிரி ஆடியது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, நடுவாந்திரத்துக்குப் பில் போடச் சொன்னார். நான் சிரித்துவிடக் கூடாதே என்று குனிந்து பில் எழுதிக்கொண்டிருந்தேன். அவரே தலைக்கு மேலிருந்து விளக்கம் கொடுத்தார்.

"கை நடுங்கல தம்பி. காலையிலருந்து இன்னும் காப்பி குடிக்கல."

மச்சானிடம் வித்தை பலிக்கவில்லை

கடைசியில் அந்த நாளும் வந்தது. தேங்காய்க் காசோடு மச்சான் வந்து, பெரிசைக் கட்டச் சொன்னார். சரக்கு இல்லை என்று அக்கா சொல்லச் சொன்னதைச் சொல்ல முடியாது, சரக்கு அவர் மூக்குக்கு முன்னால் இருந்தது. என் வித்தையை எடுத்தேன். பிளக்கைச் சொன்னேன், பில்டரைச் சொன்னேன், ஆயில் மூடியைச் சொன்னேன், இல்லாத பாகங்களை எல்லாம் சொன்னேன். மச்சானுக்கு நெற்றியில் வியர்வை, கழுத்தில் நரம்பு புடைத்துவிட்டது, மெஷின் மட்டும் இறங்கவில்லை. கை வலிக்கிறதா மச்சான் என்று கேட்டதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம். அந்த மனுஷன் மெஷினை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார்.

இங்கே கொடுக்காவிட்டால் நாளைக்கே மதுரைக்குப் பஸ் ஏறி இதைவிடப் பெரிசாக வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார். அக்கா முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்போது முதலாளி எழுந்து வந்தார். மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னைத்தான் கடிந்துகொண்டார். சொந்தத் தோப்பு வைத்திருக்கிறவருக்கு இதைப் போய்க் காட்டுகிறாயே, இது மலைக்குக் கூலி அறுப்புக்குப் போகிறவர்கள் வாங்குவதல்லவா, தோப்புக்காரர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போவது நடுவாந்திரம்தானே, வந்தவர் தகுதி பார்த்துக் காட்ட வேண்டாமா என்றார். மச்சான் பெரிய ரம்பத்தைத் தரையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்தார்.

"ஏன் மாப்ளே, கூலி அறுப்புக்காரன் மெஷினை எனக்கு எதுக்கு இத்தனை நாளாக் காட்டிக்கிட்டு இருந்த?"

அக்காவுக்குப் பாடம்

மெஷினைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட நானே கோம்பைக்குப் போனேன். அக்கா என்னோடு பேசவில்லை. சோறு போட்டது, கறிக்குழம்பு ஊற்றியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்பதைக்கூட வாசலில் படுத்திருந்த நாயிடம் சொல்லித்தான் என்னைக் கேட்டது. நான் விற்காவிட்டால் மதுரையில் பெரிசு வாங்கியிருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். நாய் வாலை ஆட்டியது, அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

மச்சான் குளிக்கப் போன நேரத்தில் அக்காவை மெஷின் பக்கத்தில் கூப்பிட்டேன். வந்தது, எட்டத்தில் நின்றது. பிளக் ஸ்பேனரை மாட்டி ஒரு திருகு திருகி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இது உள்ளே இருந்தால்தான் மெஷின் ஓடும், இல்லாவிட்டால் வெறும் இரும்பு, அரிசி களைகிற அரிக்கஞ்சட்டியைவிடச் சாது. மச்சான் நிதானமாக இருந்தால் உள்ளேயே இருக்கட்டும், வேகத்தில் இருந்தால் கழற்றி வைத்துக்கொள் என்றேன். பிளக்கையும் ஸ்பேனரையும் கைக்குக் கை கொடுக்காமல் தரையில் வைத்தேன். அக்கா எடுத்துப் பார்த்தது. பூண்டு அளவு இருக்கிற அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷினையும் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசியது.

"இம்புட்டுத்தானா இதோட உசிரு?"

கண்டக்டர் வந்தார்

அதற்கப்புறம் சில மாதங்கள் நன்றாகத்தான் போயிற்று. மச்சான் வேம்பில் இரண்டு கிளையை அறுத்தார், ஒரு பட்ட தென்னையைத் துண்டு போட்டார். தேனிக்கு வரும்போதெல்லாம் தோப்புக்காரர் தோரணையில் கடை வாசலில் நின்று இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொல்வார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாளைக்கு நன்றாகத் தூங்குவேன்.

ஒருநாள் பகலில் கண்டக்டர் கடைக்குள் வந்தார். இந்தத் தடவை அவர் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை. உன் மச்சானுக்குக் கையில் வெட்டுப்பட்டு உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், வண்டி கிளம்பப் போகிறது, ஏறு என்று மட்டும் சொன்னார். எப்படிப் பட்டது, எவ்வளவு பட்டது என்று அவருக்குத் தெரியாது. ரத்தம் தோய்ந்த துண்டைக் கையில் சுற்றி வண்டியில் ஏற்றினதைத்தான் பார்த்தாராம். முதலாளி முகம் வெளுத்துப்போயிற்று. எனக்குச் செருப்பு எந்தக் கால் என்றுகூடத் தெரியவில்லை. வீரபாண்டி தாண்டும்போது அது கட்டைவிரலாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சின்னமனூர் வருவதற்குள் விரல் போனாலும் போகட்டும், கை இருக்கட்டும் என்று வேண்டுதலைக் குறைத்துக்கொண்டேன். உத்தமபாளையம் நெருங்கும்போது ஆள் இருந்தால் போதும் என்று அழுதுவிட்டேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மணிக்கட்டு வரை கட்டு. வலது கையில் டீ கிளாஸ். விரல் எல்லாம் இருக்கிறது, தையல் போட்டிருக்கிறது, பெருவிரலடியில் ஆழமாக இறங்கிவிட்டது, மற்றபடி பயமில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். மெஷின் எங்கே, நுனி முட்டிவிட்டதா, எம்பியதா என்று கேட்டேன். மச்சான் டீயை ஊதிக் குடித்தார். அக்காதான் என்னை மச்சான் காதுக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துப்போய்ச் சொன்னது. காலையில் யாரோ வந்து, அந்த முருங்கையை ஒரே வீச்சில் சாய்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் பரபரப்பதைப் பார்த்ததும் அக்கா நான் சொன்னபடியே பிளக்கைக் கழற்றி மல்லித்தூள் டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதது மாதிரி கிணற்றடிக்குப் போய்விட்டது. மச்சான் இழுத்தார், இழுத்தார், மெஷின் மூச்சே விடவில்லை. கேட்ட ஆள் சிரித்துவிட்டான். கோபத்தில் ரம்பத்தை உதைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் கையோடு இருக்கிற அருவாளை எடுத்து, இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சாக வெட்டியிருக்கிறார். முருங்கை சாய்ந்தது, கையும் சாய்ந்தது.

நாங்கள் பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும் மச்சான் என்னைப் பார்த்து வணக்கம் போட நினைத்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார், கட்டு கனத்தது, வலது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார். பிளக் விஷயத்தை நான் அப்போதும் அவரிடம் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. அக்கா, கிளம்பும்போது டப்பாவிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்திருந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, அவர் காதில் விழாமல் என் பக்கம் குனிந்து சொன்னது.

"மெஷின் உசிரை எடுத்து வைக்கச் சொன்ன தம்பி, வச்சேன். இந்த மனுசன் வேகத்தை எங்கன எடுத்து வைக்கிறதுன்னு சொல்லலையே?"

சின்னது, நடுவாந்திரம், பெரிசு என்ற கணக்கெல்லாம் ரம்பத்துக்குத்தான். வாங்கிப் போனவர் இரண்டு கையும் சேர்த்து வணக்கம் போடும்வரை விற்றவன் வயிற்றில் கரைகிற புளி எப்போதும் ஒரே சைஸ்தான்.